பதம் தவறும் முன்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தூத்துக்குடி மாவட்டத்தின் இரண்டு பக்கங்கள் எதிரெதிராகத் திரும்புகின்றன. கடற்கரையில் உப்பளப் பாத்திகளில் மழைநீர் ஏறி வேலை நின்றுபோகிறது. வடக்கே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளோ கோடை உழவு முடிந்த நாள் முதல் அதே மழைக்குத்தான் காத்துக் கிடந்தன. பெரும்பகுதி மானாவாரி நிலம். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் இந்த ஒரு பருவத்தை நம்பியவை. துறைமுக நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர்களும் கல்லூரி மாணவர்களும் அந்தச் சிறு விவசாயிகளின் விதைப்புக்குக் கூலி வாங்காமல் கைகொடுக்கப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். எப்போது போவது, யார் காட்டுக்குப் போவது என்பதில் கறாராக இருந்தால்தான் அது உதவியாகும்.

ஆள் எதற்கு, பணம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கரிசல் மண்ணைத் தெரிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். நல்ல மழை பெய்த மறுநாள் காட்டில் கால் வைத்தால் ஒவ்வொரு எட்டுக்கும் மண் அப்பி, பாதம் கனத்துவிடும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. தண்ணீர் இழுத்து மண் பதத்துக்கு வந்ததும் விதைத்தாக வேண்டும். வெயில் தொடர்ந்து அடித்தால் மேலீரம் போய்விடும். அடுத்த மழை பிடித்துக்கொண்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். ஊர் முழுக்கப் பதம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ என்ற பழைய ஏற்பாடு களைக்கும் அறுப்புக்கும் ஒத்துவரும். விதைப்பு நாளில் அது முறிந்துவிடும், ஏனென்றால் அன்றைக்கு எல்லோருக்கும் அவரவர் காடு காத்திருக்கிறது. கையில் பணம் இருந்தாலும் கூப்பிட ஆள் இருக்காது. தன் நிலம் காத்திருக்காத ஒருவர்தான் அந்த நாளில் பிறர் நிலத்துக்கு வர முடியும். நகரத்தில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

கூலி வாங்காமல் இறங்குவது கூலியாட்களின் வயிற்றில் அடிப்பதாகாதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உப்பளத் தொழிலாளர்கள் வேலையிழந்து நிற்பதும் இதே மாதங்களில்தான். அந்த இடைவெளிக்காகத்தான் அரசே அவர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆகவே கூலி கொடுக்க வசதியும் ஆளும் உள்ள காட்டுக்கு இலவச ஆள் போகவே கூடாது. போக வேண்டியது, பிள்ளைகள் சென்னைக்கோ திருப்பூருக்கோ போய்விட, வயதான இருவர் மட்டும் பார்க்கும் காட்டுக்கு. இரண்டு ஏக்கர் உளுந்தின் விளைச்சல் ஆள் கூலியைத் தாங்காது என்று தரிசாகப் போடவிருக்கும் காட்டுக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அப்படிப்பட்ட நிலங்களுக்குப் பஞ்சமில்லை.

பழகாத கை விதையைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் நியாயமானது. மக்காச்சோளத்தைச் சாலில் ஏறக்குறைய ஒரு சாணுக்கு ஒன்றாக, இரண்டு விரற்கடை ஆழத்தில் விட வேண்டும். ஆழம் மிஞ்சினால் முளை மேலே வரத் திணறும். மேலாகக் கிடந்தால் பறவைகள் விடா. ஏர் போகும் வேகத்துக்கு நடந்துகொண்டே இதைச் செய்யும் பெண்களின் விரல்களில் பல வருடப் பயிற்சி இருக்கிறது. புதிதாக வருபவர் முதலில் விதைப்பெட்டி சுமக்கலாம், மூட்டை தூக்கலாம், விட்டுப்போன இடங்களைப் பார்த்து ஊன்றலாம். சொல்லிக்கொடுப்பதற்காக விவசாயி வேலையை நிறுத்தும்படி ஆனால் வந்தவர் சுமைதான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இதே மாவட்டத்தில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே அங்கே ஒரு நாள் பழகிவர ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அரிசியும் போர்வையும் சுமந்துகொண்டு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். ஆபத்துக்கு ஓடிவரும் மனம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. விதைப்பு நாள் தவறுவதை ஆபத்தாக நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு வருட வருமானம் அதில்தான் இருக்கிறது. இந்த நகரத்துக்குக் கரிசலோடு பழைய கணக்கும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடித் துறைமுகம் செழித்ததில் கரிசல் பருத்திக்குப் பெரும் பங்கு இருந்தது. 1908-இல் வ.உ.சி. துணைநின்ற வேலைநிறுத்தமும் கோரல் மில் என்ற நூற்பாலையில்தான் நடந்தது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் முகாமின் தேதியைக் கல்லூரிக் கால அட்டவணை முடிவுசெய்கிறது. மழைக்கு அந்த அட்டவணை தெரியாது. ஐப்பசியில் சில நாட்களைத் தேதி குறிக்காமல் வைத்திருந்து, விவசாயி போன் செய்த மறுநாள் காலை பஸ் ஏறும் ஏற்பாடு வேண்டும். விதைத்தவர்களே இருபது நாள் கழித்துக் களைக்கும் வர வேண்டும். கார்த்திகை மழையில் களை பயிரை முந்திவிடும், அந்த வேலைக்கு விதைப்பைவிட அதிகக் கைகள் தேவை. புதியவர்கள் சீக்கிரம் பழகிக்கொள்ளக்கூடிய வேலையும் அதுதான்.