படியில் வைத்த கால்

சென்ற அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுதில், கனடாவின் கால்கரி நகரத்தில் எங்கள் வீட்டு வாசலில், தெற்கு நோக்கிய பிரயாணத்துக்கு எல்லாம் ஆயத்தமாகி நின்ற மோட்டார் ஹோமின் படியில், எங்கள் நாய் முத்து தன் வலது முன்னங்காலைத் தூக்கி வைத்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டது. நிகழ்ந்தது அவ்வளவுதான். அது குரைக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. “ஏறுடி கண்ணு, நேரமாச்சு” என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். நான் குனிந்து, மார்பின் கீழ் ஒரு கையும் வயிற்றின் கீழ் ஒரு கையுமாக அதை அணைத்துத் தூக்கி உள்ளே விட்டேன், கதவைச் சாத்தினேன், புறப்பட்டோம். அன்று தொட்டு இன்றுவரை அந்த ஒரு கணம் என் சித்தத்தை விட்டு அகலவில்லை.

பிரயாணத்தின் காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூட்டுவாதம், என் மனைவி முந்தைய குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், இத்தேசத்து முதியவர்கள் பலர் செய்வதைப் போலவே, நாங்களும் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி, பனிக்காலம் தொடங்கும்போது தெற்கே சென்று வசந்தத்தில் திரும்புவதென்று தீர்மானித்தோம். இப்படிச் செல்பவர்களைப் பனிப்பறவைகள் என்று இங்கே சொல்வது வழக்கம். பறவை தன் சிறகின் ஏவலால் போகிறது. நாங்கள் மூட்டுகளின் ஏவலால் போகிறோம். முத்து எதன் ஏவலால் வந்தது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முந்திய இரவில் அந்த வருஷத்தின் முதல் கனத்த பனி பெய்திருந்தது. முத்து, சைபீரியப் பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கவும் கலைமான் மந்தைகளைக் காக்கவும் பழகிய சமோயெட் என்னும் இனத்தின் வழி வந்தது; வெளியே நீண்ட ரோமமும் உள்ளே பஞ்சுபோல் அடர்ந்த ரோமமுமாக இரட்டைக் கம்பளி போர்த்த உடம்பு. வருஷத்தில் எட்டு மாதம் எங்களோடு பொறுமையாக இருந்துவிட்டு, பனி விழுந்த அன்று மட்டும் தன் சொந்த தேசத்துக்குத் திரும்பிய பிரஜையைப் போல அது ஆகிவிடும். அன்று விடியற்காலையிலும் மல்லாந்து கிடந்து புரண்டு, மூக்கால் பனியை உழுது, உதறி எழுந்து, மறுபடியும் புரண்டது. அரைமணி நேரம் கழித்துத்தான் அந்தக் காலைப் படியில் வைத்தது; வைத்து எடுத்தது.

சமாதானங்கள் எனக்குத் தோன்றாமல் இல்லை. படி இரும்பாலானது, உறைந்து கிடந்த இரும்பு பாதத்தைச் சுட்டிருக்கலாம். முத்துவுக்கு ஒன்பது வயது. இடுப்பெலும்பில் வலி தொடங்கியிருக்கலாம். விரல்களின் இடையே பனிக்கட்டி திரண்டு உறுத்தியிருக்கலாம். தெருமுனையில் வேறொரு நாயின் வாசனை ஒரு கணம் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஆனால் காலை எடுத்த பின் அது என்னை நிமிர்ந்து பார்த்ததே, அந்தப் பார்வைக்கு இவற்றில் எதுவும் முழுவதுமாகப் பொருந்தவில்லை. பார்வையில் நான் வாசித்தது அதன் கருத்தா, என் குற்றவுணர்ச்சியா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

ஆல்பர்ட்டாவின் கூட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டி மொன்டானா, ஐடஹோ, யூட்டா என்று பதினைந்தாம் நெடுஞ்சாலையில் இறங்கும் பாதை அது. மொன்டானாவும் ஐடஹோவும் சந்திக்கும் மொனைடா கணவாய் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அந்த உயரங்களைக் கடந்து வெப்பமான பூமியை அடையும்வரை வண்டியின் குழாய்களில் தண்ணீர் விடமுடியாது, உறைந்து வெடித்துவிடும். குழாய்களை வடித்து, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு உறைதடுப்புத் திரவத்தை நிரப்பிக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகவேண்டும். எல்லையில் முத்துவின் காகிதங்களையும் காட்டினோம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை எப்போதும் கையில் வைத்திருப்போம். 2024 ஆகஸ்டு முதல், நாய்க்கு ஆறு மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், அமெரிக்க அரசின் படிவமொன்றையும் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்று விதி. அந்தப் படிவத்தில் உடைமைக்காரனாக நான் கையெழுத்திட்டபோது, முத்துவின் சார்பில் நான் சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டதைப் போல உணர்ந்தேன்.

நாயோடு பிரயாணம் செய்தவர்களில் உலகம் நன்கறிந்தவர் ஜான் ஸ்டெய்ன்பெக். 1960இல், லாரியின் முதுகில் சிறிய வீடொன்றைக் கட்டி, அதற்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினான்டேயின் பெயரைச் சூட்டி, சார்லி என்னும் பூடில் நாயை உடனழைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்து, 1962இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கல்லூரி நாட்களில் நான் அதை வாசித்தேன். நயாகரா வழியாகக் கனடாவுக்குள் நுழைய முயன்று, சார்லிக்குத் தடுப்பூசிச் சான்று இல்லாததால் திரும்பிப் போனது ஞாபகமிருக்கிறது. சார்லி நோயுற்றதும் ஞாபகமிருக்கிறது. அது எப்போதாவது வண்டியில் ஏற மறுத்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வயதில் மனிதர் பேசியதைக் கவனித்தேனே தவிர, நாயின் காலைக் கவனித்தேனில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் அரிசோனாவில் குவார்ட்சைட் என்னும் சிற்றூர். ஊருக்குத் தெற்கே, லா போசா என்ற பெயரில், கிரியோசோட் புதர்களும் சரளைக் கற்களுமான அரசுப் பாலைநிலம் விரிந்து கிடக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டு நெடுநாள் தங்க அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். சுவர் இல்லை, வேலி இல்லை. மாலையில் மலைகள் ஊதா நிறம் பூண்டு நிற்கும். அந்த ஊர்க் கல்லறையில், கூம்பாகக் கட்டிய கற்கோபுரத்தின் உச்சியில், செம்பினால் செய்த ஒரு ஒட்டகம் நிற்கிறது. 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்காக மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் ஏற்றி டெக்சஸில் இறக்கியது. அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் பெயர் இவ்வூர்க்காரர்களின் நாவில் ஹை ஜாலி என்று ஆயிற்று. 1902இல் இங்கேயே அவர் காலமானார். 1935இல் இந்தக் கோபுரம் எழுப்பப்பட்டது. உள்நாட்டுப் போரோடு ராணுவத்தின் அந்த ஒட்டக முயற்சி கைவிடப்பட்டது. ஒட்டகங்கள் ஏலம் போயின. சில பாலைவெளியில் விடப்பட்டன. ஒட்டகத்துக்குப் பாலைவனம் அந்நியமல்ல. ஆனாலும் தன் பாலைவனம் வேறு, பிறர் கொண்டுவந்து விட்ட பாலைவனம் வேறு அல்லவா?

முத்து அங்கே துன்பப்பட்டது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். உண்டது, உறங்கியது, பக்கத்து வண்டிக்காரர்களின் அன்பைப் பெற்றது. பகலில் வண்டியின் நிழலில் கிடந்தது. இரவில் குளிர்ந்த சரளையில் வயிறு பதித்துப் படுத்தது. ஆனால் ஒன்று. வண்டியின் குளிர்ப்பெட்டி எரிவாயுவில் இயங்குவது. உட்புறத் தகடுகளில் உறைபனி படியும். வாரம் ஒருமுறை என் மனைவி அதைத் திறந்துவைத்து, மரக்கரண்டியின் காம்பால் அந்தப் பனியைச் சுரண்டி எடுப்பாள். முதல் முறை சுரண்டும் ஓசை கேட்டதுமே, வெளியே உறங்கிக்கொண்டிருந்த முத்து எழுந்து, அழைப்பில்லாமல் படியேறி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. தரையில் விழுந்த வெள்ளைத் துகள்களை மூக்கின் நுனியால் தொட்டது, ஒவ்வொன்றாக நக்கியது, பிறகு, விரல்நகம் அளவே இருந்த கடைசித் துகள் நீராகிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அது முதல் என் மனைவி உறைபனியைத் தரையில் உதறாமல் ஒரு தட்டில் சேர்த்து அதற்கு வைக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. கதவு எதிர்ப்பட்டபோதெல்லாம், படியில் வைத்து எடுத்த அந்தக் கால் என் நினைவில் வந்து நின்றது.

என் பாலியத்தில், தாத்தாவின் வில்வண்டியில் பங்குனி உத்திரத்துக்குப் போவோம். எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த ஒரு செவலை நாய் வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே அச்சின் நிழலில், மாடுகளின் நடைக்கு இசைந்து ஓடிவரும். நான் பின்பக்கம் கவிழ்ந்து படுத்து, தலையைத் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஊர் எல்லையில் ஐயனார் கோவில் வந்ததும் அது நின்றுவிடும். புழுதியில் உட்கார்ந்து, வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் நான் அழுது புரண்டு, “அதையும் வண்டியில ஏத்திக்கலாம் தாத்தா” என்று மன்றாடினேன். வைக்கோல் மெத்தையில் இடமும் இருந்தது. தாத்தா வண்டியை நிறுத்தவில்லை. “அதோட எல்லை அதுக்குத் தெரியும்டா. வர்ற வரைக்கும் வந்துச்சுல்ல, அது போதும்” என்றார். அவருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று பல காலம் எண்ணியிருந்தேன். இந்த வயதில், பாலைவனத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் ஓடிய நாய் எந்தக் கணத்திலும் நின்றுவிடலாம். அதனால் அது ஓடிவந்த ஒவ்வொரு அடியும் அதன் பிரியத்தால் ஓடிய அடி. வண்டிக்குள் தூக்கி வைத்த நாயின் பிரியத்தை எதைக்கொண்டு அளப்பது?

நாங்கள் புறப்படுமுன், பக்கத்து வீட்டு அம்மையார் குளிர்காலம் முழுவதும் முத்துவைத் தாமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அதை விட்டுப் பிரிய மாட்டோம் என்று மறுத்துவிட்டோம். அப்படி மறுத்தபோது என் மனத்தில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் கோவில் மண்டபத்தில் கேட்ட பாரத உபந்நியாசம் அந்தப் பெருமிதத்துக்குத் துணை நின்றது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், இந்திரன் ரதத்தோடு வந்து அழைக்க, நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று நின்ற தர்மபுத்திரரை எண்ணி அன்று நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாய் அஸ்தினாபுரத்திலிருந்து தானாகவே பின்தொடர்ந்து வந்தது. யாரும் அதைத் தூக்கி வரவில்லை. நாடி வந்ததைக் கைவிடாதிருப்பது தர்மம். நமக்கு விட்டுப் பிரிய முடியவில்லை என்பதற்காக ஒன்றை எடுத்துச் செல்வதும் அதே தர்மம்தானா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

இந்த விசாரத்தை ஒருநாள் இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அத்தையையும் இப்படித்தானே கூட்டிட்டு வந்தோம்” என்றாள். என் தாயார் ‘வரமாட்டேன்’ என்று ஒருநாளும் சொன்னவரல்லர். “உங்க சௌகரியம் எப்படியோ அப்படிப்பா” என்றார். அந்த வார்த்தையைச் சம்மதமென்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஊர் வீட்டைப் பூட்டிய அன்று, தெருப்படியில் இறங்கி வந்தவர், ஏதோ மறந்தவர்போல ஒருமுறை மேலேறி, கதவைத் தொட்டுவிட்டு மீண்டும் இறங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்கரியில் ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அன்பு குறையாமல் இருந்தார். தனியே விட்டிருந்தால் அதுவும் குற்றமாகத்தான் இருந்திருக்கும். பிரியம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் எங்காவது தூக்கிக்கொண்டு போகாமல் வாழ முடியாதோ என்னவோ.

இந்தக் கட்டுரையை நான் இதனோடு முடித்திருப்பேன். முத்து தன் பனிக்காலத்தை விட்டு வர மறுத்தது, நான் அதைக் கேளாதவனாக இருந்துவிட்டேன் என்று ஒருவாறு தெளிந்திருப்பேன். ஆனால் மார்ச் மாதக் கடைசியில், வெயில் ஏறத் தொடங்கியபோது, வடக்கே திரும்பும் நாள் வந்தது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, நாற்காலிகளை மடித்து வைத்து, “வீட்டுக்குப் போறோம் முத்து, பனிக்குப் போறோம்” என்று சொல்லிக் கதவைத் திறந்து நின்றேன். முத்து வந்தது. வலது முன்னங்காலைப் படியில் வைத்தது. ஒரு கணம் நின்றது. அந்தக் காலை எடுத்துச் சரளையில் வைத்துக்கொண்டது. என்னை நிமிர்ந்து பார்த்தது.

குளிர்காலம் முழுவதும் நான் கட்டிய நியாயம் அந்த இடத்தில் ஆட்டம் கண்டது. அப்படியானால் முதல் நாள் அது மறுத்தது பனியைப் பிரிவதையல்ல போலும். அல்லது பாலைவனமும் இதற்குள் அதன் தேசமாகிவிட்டது போலும். அல்லது புறப்பாடு எதுவாயினும் அதற்கு முன் ஒரு கணம் நின்று தன் இடத்தைத் தன் பாதத்தால் அறிந்துகொள்வது அதன் ஸ்வபாவம் போலும். அல்லது இடுப்பு வலிதான் போலும். இவற்றில் எது உண்மை என்பதை அறியும் வழி எனக்கு இல்லை. அன்று நான் உடனே குனிந்து தூக்கவில்லை. படியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். முத்து என் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, ஒட்டகக் கோபுரம் இருந்த திசையையோ வேறு எதையோ பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமென்று நான் கணக்கிடவில்லை. பிறகு அது எழுந்து மறுபடியும் காலைப் படியில் வைத்தது. பின்னங்காலை உந்த முடியாமல் தடுமாறியது. நான் அதன் வயிற்றின் கீழ் கை கொடுத்தேன். அது ஏறியதா, நான் ஏற்றினேனா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.