அறிந்தபின்னும் அழியாத வலை

சேரமான் பெருமாள் தந்த பொன்னும் மணியுமாகத் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டிக்கு அருகே வேடர்கள் மறித்துப் பறித்தார்கள். வந்தவர்கள் வேட உருக்கொண்ட சிவபூதங்கள் என்கிறது பெரியபுராணம். உரு அவர்களுடையதல்ல. ஆனால் பொருள் பறிபோனது, அவர் கோயிலில் பதிகம் பாடிய பிறகே திரும்பி வந்தது. பிறிதொன்றைச் சார்ந்து, அதன் ஆணையால் மட்டும் ஒரு வடிவம் எடுத்து நிற்பது உள்பொருளா, வெறும் தோற்றமா? சைவ சித்தாந்தமும் அத்வைதமும் நெடுங்காலம் வழக்காடிய கேள்வி இது; உள்பொருள் என்பது முன்னது, தோற்றம் என்பது பின்னது. அதே ஊரைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளின் சர்வர் அறையிலும் இதைக் கேட்கலாம். சித்தாந்தத்தின் பக்கம் வலுவானது என்பது என் கட்சி.

ஒரு கம்பெனி தன் கணக்கு, ஆர்டர், விருந்தினர் வைஃபை மூன்றுக்குமான மெய்நிகர் மெஷின்களை ஒரே ஹோஸ்ட் கணினியில், அவற்றை உருவாக்கி இயக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளின் மேல் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நெட்வொர்க் அடாப்டர் உண்டு. பெட்டியைத் திறந்து தேடினால் அப்படியொரு கார்டு கிடைக்காது. எனினும் அதற்கென்று ஒரு மேக் முகவரி இருக்கிறது. விஎம்வேர் ஹைப்பர்வைசரில் அது பெரும்பாலும் 00:50:56 என்று தொடங்கும். மெஷின்கள் வந்து இணையும் மெய்நிகர் போர்ட்களின் தொகுப்பே போர்ட் குரூப்; கணக்குக்கான போர்ட் குரூப்புக்கு வி-லேன் 10, விருந்தினருக்கு 20 என்று கொடுத்துவிட்டால், இடையில் ரவுட்டர் வழிவிடாதவரை இரண்டும் பேசிக்கொள்ள முடியாது. இரண்டும் இருப்பது ஒரே இரும்புப்பெட்டிக்குள், ஒரே மெமரியில்தான். மாறாக, ஹோஸ்டுக்குள் இருக்கும் ஒரே மெய்நிகர் ஸ்விட்சில் ஒரே போர்ட் குரூப்பில் உள்ள இரு மெஷின்கள் அனுப்பும் பாக்கெட் வெளிக்கம்பியைத் தொடாமலே போய்ச் சேரும். கணக்கு மெஷினை யாராவது தவறி 20-இல் சேர்த்துவிட்டால் இன்வாய்ஸ் பிரிண்டருக்குப் போகாது. இந்த வி-லேன் வேலியைப் பொய் என்பவர், தடுக்கப்பட்டது எதனால் என்று சொல்லியாக வேண்டும்.

அத்வைதி இதற்கு அசரமாட்டார். நடைமுறையில் உலகம் வேலை செய்கிறது என்பதை அவர் மறுத்ததே இல்லை; ஆதாரத்தை அறியும் ஞானம் வரும்போது, கயிற்றில் கண்ட பாம்பு போல அது நீங்கிவிடும் என்பதே அவர் வாதம். இங்கேதான் இரண்டு அடாப்டர்களை ஒப்பிட வேண்டும். இ1000 என்பது இன்டெல் கார்டு ஒன்றைப் போலவே நடிப்பது. உள்ளிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் உண்மையான இன்டெல் சிப்போடு பேசுவதாகவே நடந்துகொள்கிறது. 2009-இல் விஎம்வேரின் விஸ்பியர் 4-உடன் வந்த விஎம்எக்ஸ்நெட்3 அந்த நடிப்பைக் கைவிட்டது. அதன் டிரைவர், அடியில் இருப்பது ஹைப்பர்வைசர் என்று தெரிந்தே எழுதப்பட்டது. (டிரைவருக்கு ஞானம் ஏது, எழுதியவர்களுக்குத்தான் அது.) மயக்கம் போன இடத்தில் வலை மறையவில்லை, சிபியூ சுமை குறைந்து இன்னும் விரைவாக ஓடுகிறது. ஓர் உவமை பிரம்மத்தைப் பற்றிய வாதத்தை முடித்துவைக்காது, உண்மைதான். ஆனால் ஆதாரத்தை அறிந்தால் சார்ந்து நிற்பது பொய்யாகிவிட வேண்டும் என்பது எங்கும் செல்லும் விதியல்ல என்று காட்ட இது போதும்.

இன்னொரு தடையும் உண்டு: ஹோஸ்டை அணைத்தால் எல்லாமே போய்விடுமே, இரவல் இருப்பை இருப்பு என்பதா? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் எழுதிய சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே இதை எடுத்துக்கொள்கிறது. தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் சூனியத்துக்குள் போவதில்லை. தன் முதற்காரணமான மாயையில் நுண்மையாக ஒடுங்கி, அங்கிருந்தே மீண்டும் வருகிறது. அணைந்த மெஷினின் மேக் முகவரியும் போர்ட் குரூப்பின் பெயரும் ஒரு சிறு ஃபைலில் டிஸ்கில் கிடக்கின்றன. எழுப்பினால் அதே முகவரியோடு எழுகிறது. டிஸ்க் பொதுவாக இருந்தால் வேறொரு ஹோஸ்டிலும் எழும். ஆனால் சாதாரண மெய்நிகர் ஸ்விட்சுகளில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனித்தனி அமைப்பு. போர்ட் குரூப் பெயரில் ஓர் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ மாறியிருந்தாலும் அங்கே அந்த மெஷினுக்கு நெட்வொர்க் கிடைக்காது. இல்லாத ஒன்றுக்கு இத்தனை கறாரான நிபந்தனை இருக்காது.

ஒப்புமை நொண்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தாந்தத்தின் மாயை அழியாதது, டிஸ்க் அழியும். அதைவிடப் பெரிய குறை, சித்தாந்தத்தில் உலகம் படைக்கப்படுவது உயிர்களின் பொருட்டு. ஹோஸ்டுக்குள் அனுபவிக்கும் உயிர் எதுவும் இல்லை. ஆகவே இந்த வாதம் பதி (இறை), பசு (உயிர்), பாசம் (தளை) என்ற மூன்றில் பாசத்தின் ஒரு பகுதியான மாயை உள்பொருள் என்பதற்கு மட்டுமே துணை நிற்கும்.