நொடிக்கு 17 மீட்டர்

வெள்ளை அட்டையில் சிவப்பாக ‘எல்’ ஒட்டிய காரைக் கண்டால், பின்னால் வருபவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். ஸ்டியரிங்கில் நடுங்கும் கைகள் அவர் கண்ணில் படுவதில்லை. (அவரும் ஒருநாள் அந்த அட்டையோடுதான் ஓட்டியிருப்பார்.) அந்தக் கைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்தே உரிமத் தேர்வுக்குப் போக முடியும். கிளட்சும் கியரும் அதற்குள் கைக்கும் காலுக்கும் பழகிவிடும். பழகக் கடினமானது தூரம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். குறுக்கே ஆடு ஓடி வருகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனாலும் அந்த 17 மீட்டர் கடந்துவிட்டது. வேகம் குறையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். 30-இல் போகிறவர் 60-க்கு மாறினால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. முதல் தூறலில் புழுதியும் எண்ணெயும் குழைந்து வழுக்கும்போது இன்னும் நீளும்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று அறிய, நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள். முன்னே போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும், நிதானமாக “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுங்கள். மழை நாளில் நான்கு வரை எண்ணுங்கள்.