கிணறு தோண்டியவரும் தள்ளிவிட்டவரும்

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பழத்தை விற்கிறார். வாங்குகிறவன் அதைப் பிழிந்து மது காய்ச்சுவான் என்பது அவருக்குத் தெரியும். விற்கலாமா, கூடாதா? ஃபிக்ஹு கிதாபுகளில் வியாபாரப் பாடம் ஓதும் எந்த மாணவரும் தாண்டிப் போக முடியாத மஸ்அலா இது. பழச்சாற்றை அத்தகையவனுக்கு விற்பதில் குற்றமில்லை என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். பாவம் சாற்றில் இல்லை, அது மாறிய பிறகே வருகிறது என்பது அவர்களது வாதம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் அதை மக்ரூஹ் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, திண்ணமாகத் தெரிந்து விற்றால் ஹராம். வெறும் சந்தேகம் என்றால் மக்ரூஹ். ஆனால் கலகக் காலத்தில் கலகக்காரனுக்கு ஆயுதம் விற்பதை ஹனஃபி அறிஞர்களும் தடுத்தே இருக்கிறார்கள். ஏனெனில் ஆயுதம் எதுவாகவும் மாற வேண்டியதில்லை. அதே உருவத்தில் கொல்லும்.

இத்தனை கருத்து வேற்றுமையிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. குடித்தவனுக்குரிய கசையடியைத் தோட்டக்காரருக்கும் கொடுங்கள் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. விற்பது கூடுமா என்பது ஒரு கேள்வி. விற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் நாட்டில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று.

இஸாமு கனேகோ என்பவர் டோக்கியோ பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர். புரோகிராம் எழுதுவதில் அபாரத் திறமை உள்ளவர். 2002 மே மாதத்தில் அவர் 'வின்னி' என்றொரு புரோகிராமை எழுதி, காசு வாங்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வெளியிட்டார். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. '47' என்ற எண்ணே அவருக்குப் பெயராக நின்றது.

வின்னி செய்த வேலை இதுதான். ஒருவருடைய கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். தம்மிடம் உள்ளதைக் கொடுக்கலாம். நடுவில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் மத்திய நிலையம் என்று ஒன்று கிடையாது. கோப்பு ரகசியக் குறியீட்டில் மூடப்பட்டு, முன்பின் அறியாத பலருடைய கம்ப்யூட்டர்கள் வழியாகக் கைமாறிக்கொண்டே போகும். முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். இப்படிப்பட்ட வழி திறந்தால் யார் யார் வருவார்கள்? நல்லவர்களும் வந்தார்கள். திரைப்படத்தையும் பாட்டையும் வீடியோ விளையாட்டையும் உரிமையாளரின் அனுமதியின்றி அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இலட்சக்கணக்கில் வந்தார்கள்.

2003 நவம்பரில் கியோட்டோ போலீசார் வின்னி வழியாகத் திரைப்படத்தையும் விளையாட்டுகளையும் பரப்பிய இருவரைக் கைது செய்தனர். அவர்கள் செய்தது குற்றம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் போலீசார் அதோடு நிற்கவில்லை. 2004 மே மாதம் கனேகோவையும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு: அந்த இருவருக்கும் உடந்தை. அவர்களை அவர் கண்ணால் பார்த்தவரல்லர். அவர்கள் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை!

மூன்று கோர்ட்டுகள் மூன்று அளவுகோல்களை எடுத்தன. புரோகிராம் என்ற முறையில் வின்னி நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானதே என்று கியோட்டோ மாவட்டக் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆயினும், பெருமளவில் உரிமை மீறல் நடக்கிறது என்று தெரிந்தும் அவர் தொடர்ந்து வெளியிட்டார் அல்லவா என்று கேட்டு, 2006 டிசம்பரில் 15 லட்சம் யென் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் ஒசாகா ஹைகோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. தெரிந்திருந்தால் போதாது, 'இதைக் கொண்டு திருடுங்கள்' என்று அவர் மக்களைத் தூண்டியிருக்க வேண்டும் என்பது ஹைகோர்ட்டின் அளவுகோல். 2011 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த அளவுகோல் மிகவும் குறுகியது என்றது. ஆயினும் விடுதலையை உறுதி செய்தது. பெறுகிறவர்களில் சிலர் மட்டுமல்ல, கணிசமானவர்கள் அதைச் சட்ட விரோதமாகவே பயன்படுத்துவார்கள் என்ற நிலை இருக்க வேண்டும். செய்தவர் அதை உணர்ந்து, 'நடக்கட்டும்' என்று ஏற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் உடந்தை என்பது அதன் தீர்ப்பு. முதல் பாதி இந்த வழக்கில் இருந்தது. வின்னியில் சுற்றிய கோப்புகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 அனுமதியற்றவை எனக் கருதப்பட்டது. இரண்டாம் பாதி நிரூபிக்கப்படவில்லை. சட்ட விரோதமான கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டாம் என்று அவரே எச்சரித்து எழுதியிருந்தார். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இந்த மூன்றில் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது கடைசித் தீர்ப்பே. நிய்யத்தைப் பார்த்தே செயலை எடைபோட வேண்டும் என்பது நாம் சிறு வயதிலேயே ஓதிய பாடம். ஆனால் நிய்யத் என்பது உள்ளத்தில் இருப்பது. கோர்ட்டு அதை எப்படிப் பார்க்கும்? வெளியே தெரியும் செயல்களைக் கொண்டுதான். கனேகோவின் எச்சரிக்கை ஒரு பேச்சுக்காக எழுதப்பட்டது, உள்ளே வேறு எண்ணம் இருந்தது என்று சொல்வோர் உண்டு. கம்ப்யூட்டர் யுகத்தில் பதிப்புரிமை என்ற ஏற்பாடே மாற வேண்டும் என்று அவர் எழுதியதை அரசு வக்கீல்கள் சுட்டிக்காட்டவும் செய்தார்கள். ஒரு சட்டம் மாற வேண்டும் என்று விரும்புவதும் அதை உடைக்க ஆள் சேர்ப்பதும் ஒன்றல்ல. சந்தேகம் இருக்கும் இடத்தில் தண்டனையை விலக்கு என்பது நம் ஷரீஅத் நீதிபதிகளுக்குக் கற்றுத் தந்த வழி. சந்தேகத்தின் பலனை அவருக்குத் தர மறுக்க நமக்குக் காரணம் தெரியவில்லை.

அப்படியானால் புரோகிராம் எழுதுகிறவர் எவரையுமே தண்டிக்கக் கூடாதா? அப்படியும் நாம் சொல்லமாட்டோம். ஸ்வீடன் நாட்டில் 'பைரேட் பே' என்ற இணையத் தளத்தை நடத்திய நால்வருக்கு 2009 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் கோர்ட் ஓராண்டுச் சிறை விதித்தது. மேல் கோர்ட்டு காலத்தைக் குறைத்ததே தவிர, குற்றமில்லை என்று சொல்லவில்லை. அவர்கள் வைத்த பெயரிலேயே 'கொள்ளைக்காரன்' இருக்கிறான். தளத்தில் விளம்பரப் பணம் வந்தது. உரிமையாளர்கள் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களை ஊரறிய வெளியிட்டுக் கேலி செய்தார்கள். இங்கே உள்ளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, வாயே சொல்லிவிட்டது. ஆயுதம் விற்றவரை இங்கே காண்கிறோம். கனேகோவிடம் நாம் கண்டது திராட்சை.

உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற சட்ட நூலில் 90-ஆவது விதி இதைத்தான் பேசுகிறது. காரணமாக இருந்தவரும் நேரடியாகச் செய்தவரும் ஒரு விஷயத்தில் சேர்ந்து நின்றால், பொறுப்பு நேரடியாகச் செய்தவரைச் சேரும். உதாரணமும் அங்கேயே உண்டு. பொதுவழியில் ஒருவர் கிணறு தோண்டுகிறார். மற்றொருவர் பிறருடைய ஆட்டையோ மாட்டையோ அதில் தள்ளிச் சாகடிக்கிறார். ஈடு கொடுக்க வேண்டியவர் தள்ளியவரே. ஆனால் யாரும் தள்ளாமல், வழியே போன மாடு தானாக விழுந்து செத்தால்? அனுமதியின்றிப் பொதுவழியில் தோண்டியவர் அப்போது ஈடு கொடுக்கத்தான் வேண்டும். அஃதாவது தோண்டியவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. விழாதபடி அவர் கைப்பிடிச் சுவராவது கட்ட வேண்டும்.

இந்தக் கைப்பிடிச் சுவரைப் பற்றித்தான் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கனேகோ வழக்கில் நம்மை அதிகம் வருத்துவது அதுவே.

வின்னியின் வழியாகக் கம்ப்யூட்டர் வைரஸ்கள் பரவின. வேறு சில கயவர்கள் எழுதியவை அவை. வின்னி உள்ள கம்ப்யூட்டரில் அந்த வைரஸ் புகுந்தால், உரியவர் அறியாமலே அதிலுள்ள சொந்தக் கடிதங்கள், படங்கள், அலுவலகக் காகிதங்கள் எல்லாம் ஊருக்குப் பொதுவாகிவிடும். 2004 மார்ச் மாதத்தில் கியோட்டோ போலீஸ்காரர் ஒருவருடைய கம்ப்யூட்டரிலிருந்தே விசாரணைக் காகிதங்கள் இப்படி வெளியேறின. 2006-இல் ஜப்பானியக் கடற்படையின் ரகசியங்கள் வெளியேறின. அந்த ஆண்டு மார்ச்சில், அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த ஷின்ஸோ அபே, வின்னியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு புரோகிராமுக்காக அரசே வாய் திறந்து மன்றாடியது என்றால் சேதத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இதை அடைக்கும் வழி கனேகோவுக்குத் தெரியும். ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கலாம். ஆனால் 'புதிய பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்' என்பதுதானே அவர் மீதிருந்த குற்றம்! இன்னொரு பதிப்பு வந்தால் அதுவும் இன்னொரு உடந்தையாக எண்ணப்படுமே. ஆகவே கை கட்டி உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்குச் சுவர் கட்டத் தெரிந்த ஒரே கொத்தனாரை, கிணறு தோண்டினாய் என்று கையில் விலங்கிட்டு உட்காரவைத்த கதை இது. உள்ளே விழுந்தவர்களில் பலர் எந்தத் திரைப்படத்தையும் திருடாத, அந்தக் காகிதங்களில் பெயர் இருந்த ஒன்றுமறியாத மக்கள். குற்றவியல் தண்டனையின் கேடு தண்டிக்கப்பட்டவரோடு நிற்பதில்லை. நஷ்ட ஈடு கேட்டிருக்கலாம். இன்னின்ன மாற்றம் செய் என்று உத்தரவிட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவர் கை வேலை செய்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'செய்தவருக்கே தண்டனை இல்லை என்றால் எடுத்துப் பார்க்கிற நமக்கென்ன' என்று யாராவது மகிழ்ந்தால், அவர் கட்டுரையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறார். மஜல்லாவின் விதி தோண்டியவரை விடுவிப்பது தள்ளியவரைப் பிடிப்பதற்காகவே. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஒரு நூலை எழுதியவர் பல ஆண்டு உழைத்திருப்பார். நம் வீட்டில் அது ஒரு விரல் தட்டலில் வந்து விழுகிறது. பொருள் அவரிடமும் இருக்கிறதே, நாம் எதையும் எடுக்கவில்லையே என்பது பலர் சொல்லும் சமாதானம். கூலி கொடுக்காமல் அனுப்பப்பட்ட வேலைக்காரரிடமும் அவருடைய மண்வெட்டி இருக்கத்தான் செய்கிறது. கனேகோவின் கதையை 2023-இல் ஜப்பானில் திரைப்படமாகவே எடுத்தார்கள். அதையும் யாரேனும் அனுமதியின்றிக் கைமாற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம்!

இந்த விவகாரம் ஜப்பானியருடையது மட்டுமென்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆவது பிரிவில், தெரிந்தே உரிமையை மீறியவரையும் அதற்கு உடந்தையானவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இக்குற்றத்துக்குப் போலீசார் வாரண்டு இன்றியே கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதத்தில் நம் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. நம் குடும்பங்களில் இன்று புரோகிராம் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! 'தெரிந்தே' என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதில் அவர்களுடைய இளமை தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜப்பானியச் சுப்ரீம் கோர்ட் சொன்னதுபோல உணர்ந்து ஏற்றுக்கொள்வதா, கியோட்டோ கோர்ட்டு சொன்னதுபோல வெறுமனே அறிந்திருப்பதா? நம் வக்கீல்கள் இப்போதே இதைப் பேசி வைப்பது நல்லது. பிள்ளைகளும், தாம் திறந்து வைக்கும் வழியில் யார் யார் நடக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கொள்வது நல்லது. கோர்ட்டு கேட்காத அந்தக் கேள்வி மறுமையில் கேட்கப்படாது என்று யார் சொல்ல முடியும்?

கனேகோ கைதானபோது அவருக்கு வயது 33. விடுதலை உறுதியானபோது 41. அதன் பின் டோக்கியோ பல்கலைக் கழகத்துக்கே மீண்டும் கற்பிக்கச் சென்றார். 2013 ஜூலை 6-ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். வின்னியின் கடைசிப் பதிப்பு அவர் கையிலிருந்து வெளிவந்தது 2003 நவம்பரில்.