முட்டாமல் பின்னால் போகும் மீன்

நைல் நதியின் கலங்கல் நீரில் வாழும் ஜிம்னார்க்கஸ், பின்பக்கமாக நீந்தினாலும் எதிலும் முட்டிக்கொள்வதில்லை. கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன் 1951-இல் காரணத்தைச் சொன்னார்: அதன் வாலிலிருந்து விநாடிக்குச் சுமார் 300 முறை மெல்லிய மின்துடிப்பு கிளம்புகிறது.

அருகில் ஒரு கல் இருந்தால் உடலைச் சுற்றியுள்ள மின்புலம் மாறும். தோலிலுள்ள உணர்விகள் அதைக் கண்டுகொள்ளும். உடம்பு வளைந்தால் மின்புலமும் கோணிவிடுமே? அதனால்தான் உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு, நீண்ட முதுகுத்துடுப்பை மட்டும் அலையலையாக அசைத்து நகர்கிறது.

இதேபோல் மின்துடிப்பு விடும் தென் அமெரிக்க ஐகன்மானியா மீனுக்குத் தொல்லை வேறு. பக்கத்து மீனும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில் துடித்தால் இரண்டுக்கும் குழப்பம். வானொலி நிலையங்களுக்கு அலைவரிசை ஒதுக்க அரசாங்கம் வேண்டும். இந்த மீன்களோ தாமாகவே தீர்த்துக்கொள்கின்றன. அதிகம் துடிப்பது இன்னும் கூட்டும், மற்றது குறைக்கும்.