திருப்புளி யார் கையில்?

கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற பழைய பனிவண்டி, முதல் பனி விழுந்த நாளில் கிளம்ப மறுக்கும். பெரும்பாலும் காரணம் மிகச் சிறியது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்திருக்கும். வண்டி நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓட எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அது அடைபட்டால் வண்டி உறுமி அடங்கிவிடும்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். பெட்ரோல் வரத்தை மூடிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைத் திறந்து, பித்தளை ஜெட்களை எடுத்து, கிளீனர் அடித்துக் காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பியால் குத்தக் கூடாது. மென்மையான பித்தளையில் துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும். பொறுமை, விரல்நுனிக் கவனம், கழற்றிய வரிசையை மறக்காத நினைவு ஆகியவைதான் இதற்குத் தேவை. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வின் அடைப்பைப் பின் கொண்டு நீக்கிய நம் பாட்டிமாரிடம் இவை எல்லாம் இருந்தன. அவர்கள் செய்தது வீட்டுவேலை. கொட்டகையில் ஆண் செய்தால் அது தொழில்நுட்பம். எது தொழில்நுட்பம் என்ற வரையறையே ஆண்களின் வேலைகளைச் சுற்றி உருவானது என்று ஜூடி வாஜ்க்மன் 1991இல் வெளியான தன் நூலில் வாதிட்டார்.

பெயரோடு பிரச்சினை முடிவதில்லை. பின்லாந்தின் வடகோடியில் உள்ள செவெட்டியார்வியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களிடம் 1960களில் பனிவண்டி வந்தது. சில ஆண்டுகளிலேயே கலைமான் இழுத்த சறுக்குவண்டிகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. இதை ஆராய்ந்த மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோ 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். கலைமானுக்கு மேய்ச்சல் ஊரிலேயே கிடைத்தது. பனிவண்டிக்குப் பெட்ரோலும் உதிரிபாகமும் வெளியிலிருந்து, பணம் கொடுத்து வர வேண்டியிருந்தது. பயணம் வேகமானது, சார்பும் கூடியது.

ஊருக்கும் வெளியுலகுக்கும் இடையே அவர் கண்ட இந்தச் சார்பு ஒரே வீட்டுக்குள்ளும் இருக்க முடியும். வண்டியில் இருவர் போகிறார்கள். அதன் உள்ளே நடப்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் மெயின் ஜெட் பாதி அடைபட்டாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அது நடப்பது வீட்டு வாசலில் அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 30 பாகைக் குளிரில். பின்னிருக்கையில் இருப்பவள் தன் உயிரையே அடுத்தவர் அறிவிடம் ஒப்படைத்திருக்கிறாள். அந்த அறிவைச் சோதித்துப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை.

பிறரைச் சார்ந்திருப்பது இழிவல்ல. யாரும் தனியே வாழ்வதில்லை. கேள்வி கேட்க முடியாத சார்புதான் அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு போதாதென்று கார்புரேட்டரையும் பெண் தலையில் கட்டுவதா? அறிவதையும் கடமையாவதையும் பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஜெட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், அந்த வேலையைப் பிறகு மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். எதை மாற்றினீர்கள், ஏன் இவ்வளவு பணம் என்று அவரிடம் கேட்கவும் முடியும். தெரிந்தவள்தான் ஒரு வேலையை மறுக்கவும் முடியும். தெரியாதவளுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஆனால் இந்த விடை ஒரு நிபந்தனையோடுதான் செல்லும். அவள் கொட்டகையில் ஜெட்களைக் கழற்றும் இரண்டு மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது? அவள் திரும்பி வந்து அதே அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமென்றால், அவள் கற்றது விடுதலையாகாது, இன்னொரு சுமையாகவே சேரும். திருப்புளி கைமாறும்போது கரண்டியும் கைமாற வேண்டும்.