காப்பியடித்த மதிப்பெண்ணும் நனைந்த தானியமும்



தேர்வுக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் துஆ அதிகமாகிறது. அதே நாட்களில் சில பிள்ளைகளின் சட்டைப்பையில் பிட்டும் ஏறிவிடுகிறது. எடையில் குறைப்பது ஹராம் என்று அறிந்த நாம், தேர்வில் பார்த்து எழுதுவதை மட்டும் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி இருக்கிறது.

கவனியுங்கள். தானியம் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார்.

கணக்கு வராத பிள்ளையும் அப்படித்தான். வராதது பாவமல்ல. பக்கத்து மாணவனின் விடையை மேலே பரப்பி, வந்துவிட்டதாகக் காட்டுவதுதான் மோசடி.

பிள்ளை ஏன் மறைக்கிறது? 2015 மார்ச் மாதம், பீகாரின் வைசாலி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்த ஒரு பள்ளியின் மாடிச் சுவரில் பலர் தொற்றி ஏறி, ஜன்னல் வழியே பிட் கொடுத்த படம் உலகமெங்கும் பரவியது. ஏறியவர்களில் பெற்றோரும் உறவினரும் இருந்தார்கள். மறைக்கக் கற்றுக்கொடுத்ததே பெரியவர்கள்தான்!

அடுத்த ஆண்டு அங்கே கெடுபிடி கூடியது. சுமார் 75 சதவீதமாக இருந்த தேர்ச்சி, சுமார் 47 சதவீதமாக இறங்கியது. 2018இல் ஷூ, சாக்ஸ் அணிந்து வரவும் தடை போட்டார்கள். கண்காணிப்பு, மேலே கிடந்த காய்ந்த தானியத்தை விலக்கிக் காட்டியது. ஆனால் ஈரத்தைக் காயவைக்கும் வேலை கண்காணிப்பாளருடையது அல்ல. அது வகுப்பறையில் நடக்க வேண்டியது.

தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்துப் படித்த பிள்ளையின் ஹக்கை, காப்பியடித்தவர் பறிக்கிறார். அதைப் பள்ளி கண்டும் காணாமல் இருப்பது அநீதி. ஆனால் பிடிபட்டவனின் தாளைப் பறித்து வெளியே அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுமா? எந்தப் பாடம் புரியவில்லை என்று அவனிடம் கேட்டு, மறுபடி கற்றுக்கொடுத்து, மறுபடி எழுதவைக்கும் பள்ளியே அவனைத் திருத்துகிறது.

பெற்றோர்களே! பிள்ளை வாசலில் கால் வைத்ததும் "எத்தனை மார்க்?" என்கிறோம். நாற்பது என்றால் வீடே அதிர்கிறது. உண்மையைச் சொன்னால் அடி, மறைத்தால் பிரியாணி என்றால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இன்று வீட்டுக்குப் போனதும் "எது உனக்குப் புரியவில்லை?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் கோபப்படாமல் கேளுங்கள். நனைந்ததை மேலே வைக்கும் துணிவு பிள்ளைக்கு அங்கிருந்துதான் வரும்.

நமக்கும் நம் சந்ததிகளுக்கும் உண்மையாளர்களாக வாழும் பாக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.